மனவரைபடமும் மலையோரத்துப் பிள்ளைகளும்

நம் சங்கத்து அன்பர் ஒருவர், ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவர், சென்ற மாதம் நம்மிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். நான்காம் வகுப்பிற் பயிலும் அவருடைய மகளின் நோட்டு அது. பக்கமெல்லாம் மலையாளம். அன்பர் தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். மலையாளம் தடையின்றிப் பேசுவார். ஆனால் அதைப் படிக்க அறியார். “பிள்ளை என்ன படிக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது ஐயா. இதைத் திறந்தால் நான் வெளியே நிற்கிற மாதிரி இருக்கிறது” என்றார். பின்பு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அங்கே ஒரு படம் இருந்தது. நடுவில் ஒரு வட்டம். அதற்குள் ‘நீர்’ என்ற சொல். வட்டத்திலிருந்து நாற்புறமும் கிளைகள். கிளைகளின் நுனியில் சில தமிழ்ச் சொற்கள், சில மலையாளச் சொற்கள். “இது என்ன? உங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வரைந்தது என்கிறாள்” என்று கேட்டார். அவருக்கு வாய்மொழியாகச் சொன்ன விடையைப் பிற குடும்பங்களும் அறிந்துகொள்வது நலம் என்று கருதி ஈண்டு எழுதலானோம்.

அதன் பெயர் மனவரைபடம். ஒரு பொருளைப் பற்றி மனத்தில் உள்ளவற்றை வரிவரியாக எழுதாமல், நடுவில் தலைப்பை வைத்து, அதிலிருந்து கிளையும் கிளைக்குக் கிளையுமாகப் பிரித்து எழுதுவதே இம்முறை. இங்கிலாந்து நாட்டவரான டோனி புஸான் என்பார் 1974-இல் பி.பி.ஸி. தொலைக்காட்சியில் நடத்திய தொடரின் வாயிலாக இதனை உலகறியச் செய்தார். ஆயினும் சிறு பிள்ளைகளின் கல்விக்கு இதைவிட நெருங்கியது இதன் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க மற்றொன்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்னும் பேராசிரியர், ஆறேழு வயதுக் குழந்தைகள் அறிவியற் கருத்துகளை எவ்வாறு உள்வாங்குகின்றனர் என்பதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய முற்பட்டார். குழந்தைகளோடு உரையாடி அவர்கள் சொன்னவற்றையெல்லாம் எழுதிச் சேர்த்தார்கள். தாள்கள் குவிந்தன, ஆனால் எந்தக் குழந்தையின் அறிவு எங்கே வளர்ந்தது, எங்கே பிசகிற்று என்று அக்குவியலிலிருந்து காண முடியவில்லை. அந்த இடர்ப்பாட்டுக்கு மருந்தாக 1972-இல் அவர் குழுவினர் கண்டதே கருத்து வரைபடம். இதில் கருத்துகளை இணைக்கும் கோட்டின்மேலும் ஒரு சொல் எழுதப்படும். ‘மழை’ என்பதற்கும் ‘ஓடை’ என்பதற்கும் இடையே வெறுங்கோடு போதாது. ‘நிறைக்கிறது’ என்று எழுதவேண்டும். பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்க அன்று. பிள்ளையின் மனத்தைப் பெரியவர்கள் படிப்பதற்காகவே இது பிறந்தது என்பதை நம் பெற்றோர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில், இது புதிதன்று. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் எம்.பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-இல் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. அதனை ஒட்டி மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வி முறையில், பாடத்தைப் படித்து முக்கியச் சொற்களை அடிக்கோடிட்டபின் ஒவ்வொருவரும் மனவரைபடம் வரையவேண்டும், பிறகு குழுவாகக் கூடிப் பேசித் தொகுக்கவேண்டும் என்று விதித்திருந்தார்கள். கம்பத்திலும் போடியிலும் பொள்ளாச்சியிலும் அக்காலத்திற் படித்து, இன்று இப்பக்கம் வந்து குடியிருக்கும் நம் இளம் பெற்றோர் சிலர் அதை வரைந்தவர்களே. அவர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை வரைந்ததை மற்றவர்கள் பார்த்து எழுதியதும், மேற்பார்வைக்கு ஆள் வரும் நாளில் அவசரமாக வரைந்ததும் அவர்களுக்கு நினைவிருக்கின்றன. நல்லதொரு முறை நாளடைவிற் சடங்காகிப் போவதற்கு அதிக நாள் வேண்டுவதில்லை. நமக்கும் அதுவே நேர்ந்தது. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

இப்போது கணிப்பொறி பற்றி. கேரளத்தில் 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டம் தொடங்கி, 2017-இல் அது கைட் என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. தொடக்கப்பள்ளிகளுக்குக் கணிப்பொறி வசதி தரும் திட்டம் 2019-இல் வந்தது. இப்பள்ளிகளிற் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற மென்பொருள். விலை கொடுக்கவோ களவாகப் படியெடுக்கவோ தேவையில்லாதது. மனவரைபடத்துக்கென்றே ஃப்ரீமைண்ட் என்றொரு கட்டற்ற மென்பொருள் உண்டு. அதன் வழித்தோன்றல் ஃப்ரீபிளேன். கருத்து வரைபடத்துக்கு ஸீமேப் டூல்ஸ் என்பது இலவசமாகக் கிடைக்கிறது. நாம் கையாண்டது ஃப்ரீபிளேன். அதில் ஒரு பொத்தானைத் தட்டினால் புதிய கிளை பிறக்கும். மற்றொன்றைத் தட்டினால் அக்கிளைக்கு உடன்பிறப்புத் தோன்றும். நீண்ட பொத்தானைத் தட்டினால் கிளை மடங்கிக்கொள்ளும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதனைக் கற்பிக்க அரை மணி நேரம்கூட வேண்டியிருக்கவில்லை.

தாளிற் செய்வதைப் பொறியில் ஏன் செய்யவேண்டும் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. தாளில் வரையும் பிள்ளை வலப்பக்கத்திலேயே பத்துச் சொல் எழுதி இடமின்றித் திகைக்கிறது. தவறான இடத்தில் எழுதியதை அழிக்கத் தயங்குகிறது. அழித்தால் நோட்டு அழுக்காகும், ஏச்சு விழும் என்னும் அச்சம் அதற்கு. திரையிலோ ‘தவளை’ என்ற சொல்லை ‘நிலம்’ என்னும் கிளையிலிருந்து ‘நீர்’ என்னும் கிளைக்கு இழுத்துவிட்டால் முடிந்தது. இரண்டுக்கும் நடுவே வைக்கலாமா என்று இரு பிள்ளைகள் வாதாடத் தொடங்குவார்கள். அந்த வாதாட்டந்தான் கல்வி. இதற்கு மாறாக, வண்ணங்களையும் சிறு படங்களையும் மாற்றி மாற்றி ஒரு மணி நேரத்தைக் கழிக்கும் பிள்ளைகளையும் கண்டோம். ஆதலின் முதலில் சொற்கள், கடைசி ஐந்து நிமிடம் வண்ணம் என்று வைத்துக்கொண்டோம். ஒரு பொறிக்கு இருவர். ஒருவர் சொல்ல ஒருவர் தட்டவேண்டும். பாதியில் மாறிக்கொள்ள வேண்டும்.

தமிழில் எப்படித் தட்டுவது என்று அஞ்சவேண்டாம். கேரளத்துப் பள்ளிகளில் மலையாளம் தட்டக் கற்பிக்கும் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை, 1991-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஏற்ற பொது முறை. இந்திய மொழிகளில் ஒத்த ஒலிகளெல்லாம் ஒரே விசையில் அமையும். மலையாளத்துக் ‘க’ எங்கேயோ அங்கேயே தமிழ்க் ‘க’. நம் இரு மொழிகளுக்கும் உரிய சிறப்பு எழுத்தான ‘ழ’வும் இரண்டிலும் ஒரே விசையில்தான் இருக்கிறது. பள்ளியில் மலையாளம் தட்டக் கற்ற பிள்ளைக்கு, மொழியை மாற்றும் ஒரு பொத்தானைக் காட்டிவிட்டால் தமிழும் கைவந்துவிடுகிறது. இதை முதன்முதல் அறிந்த நாளில் பிள்ளைகளைவிட நாமே அதிகம் மகிழ்ந்தோம் என்று சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

இனி நம் வகுப்பின் கதை. மூணாறுப் பக்கத்து வகுப்பில் முதல் வாரம் ‘தேயிலை’ என்ற தலைப்பில் நாமே ஒரு மனவரைபடம் செய்து சுவரில் காட்டினோம். மண், தட்பவெப்பம், வாட்டுதல், உருட்டுதல், உலர்த்துதல், ஏற்றுமதி என்று ஒழுங்காகவே இருந்தது. பிள்ளைகள் அழகாகப் பார்த்து எழுதினார்கள். மறுவாரம் கேட்டபோது ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. பிழை நம்முடையது. வரைபடம் நம் மனத்துடையதாக இருந்ததேயன்றிப் பிள்ளைகளின் மனத்துடையதாக இல்லை.

அடுத்த முறை ‘கொழுந்து’ என்ற ஒரே சொல்லைத் திரையின் நடுவே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டோம். லயத்திலிருந்து வரும் ஒரு சிறுமி செய்தது இது: அம்மா, படங்கு, எடை, அட்டை, பிரட்டு, ஃபேக்டரி, குளிர் என்று ஏழு கிளைகள். பார்த்தவுடன் ஒழுங்கற்றது என்றே தோன்றும். கோட்டின்மேல் சொல் எழுதச் சொன்னோம். ‘மழை’ பெய்தால் ‘அட்டை’ வரும் என்றாள். அதே மழையிலிருந்து இன்னொரு கோடு: மழை பெய்தால் கொழுந்து நிறைய, கொழுந்து நிறைய என்றால் கிலோ நிறைய, கிலோ நிறைய என்றால் எடை போட நேரமாகும், கடைசி நுனியில் ‘அம்மா தாமதம்’. காரணமும் விளைவும் நான்கு படியாக அந்த ஒன்பது வயதுப் பிள்ளையின் மனத்தில் கோவையாக நின்றன. தேர்வில் ‘தேயிலைக்கு ஏற்ற காலநிலை யாது?’ என்று கேட்டிருந்தால் அவள் விடையில்லாமல் நின்றிருப்பாள். மந்தமான பிள்ளை என்று எழுதியிருப்பார்கள்.

பாலக்காட்டுப் பக்கத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே நடந்த வகுப்பில் வேறொன்று கண்டோம். மலையாள வழியில் அவ்வாண்டுதான் சேர்ந்த ஒரு சிறுவன். பள்ளியில் ‘வெள்ளம்’ பற்றிய பாடம் நடந்திருந்தது. அவன் வரைபடத்தில் இடிந்த வீடு, மரம் சாய்தல், படகு, பயம் என்று கிளைகள். குடிநீர் எங்கும் இல்லை. மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் நீர். தமிழில் அது ஊரை அழிக்கும் பெருக்கு. அச்சிறுவன் ஒரு வாரமாகப் பாடத்தைத் தவறாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஆம் இல்லை என்று தலையாட்டிக்கொண்டும் இருந்திருக்கிறான். ஒரு சொல் விடைகளில் ஒளிந்திருந்த பிழை வரைபடத்தில் ஒரே பார்வையில் வெளிப்பட்டது. (‘சம்சாரம்’ என்ற சொல் மலையாளத்தில் பேச்சையும், நம் வீடுகளில் மனைவியையும் குறிப்பதால் அன்று வகுப்பில் எழுந்த சிரிப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

இரு மொழியில் வாழும் பிள்ளைகளுக்கு இம்முறை ஏன் பொருந்துகிறது என்பது இங்கேதான் விளங்குகிறது. வாக்கியம் எழுதுவதென்றால் ஒரே மொழியில் எழுதவேண்டும், இலக்கணம் வேண்டும், வேற்றுமை உருபு வேண்டும். வரைபடத்தில் முதலில் வாய்க்கு வந்த மொழியில் சொல்லை வைக்கலாம். பிறகு அதனருகே பள்ளிமொழிச் சொல்லைச் சேர்க்கலாம். தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்ற 1956-ஆம் ஆண்டிலேயே, அரசியலமைப்பில் 350-ஏ என்னும் உறுப்பும் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகள் தொடக்க நிலையில் தாய்மொழியிற் கற்க வசதி செய்யுமாறு அது மாநிலங்களைப் பணிக்கிறது. தமிழ்வழிப் பள்ளிகள் இரு மாவட்டங்களிலும் உண்டு. எனினும் பிழைப்பையும் பிற்கால வேலையையும் கருதிப் பல குடும்பங்கள் மலையாள வழியையோ ஆங்கில வழியையோ நாடுகின்றன. எவ்வழியிற் சேர்ப்பது என்பது பெற்றோரின் உரிமை. அதில் நாம் தலையிட விரும்பவில்லை. ஆனால் வேற்றுமொழியிற் கற்கும் பிள்ளை, தான் அறிந்ததைத் தன் மொழியில் ஒரு முறையேனும் எடுத்து வைத்துப் பார்க்க இடம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆராய்ச்சியாளர் சொல்வதையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். 2006-இல் நெஸ்பிட், அடெசோப்பே என்னும் இருவர் 55 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, கருத்து வரைபடங்களைக் கையாண்டவர்களிடம் பாடம் கூடுதலாக நிலைத்தது என்று கண்டார்கள். ஆனால் 2011-இல் கார்ப்பிக்கும் பிளண்டும் கல்லூரி மாணவரிடையே நடத்திய சோதனையில், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வரைபடம் வரைந்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே மேம்பட்டு நின்றார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பது நம் கருத்து. பிள்ளை முதலில் புத்தகத்தை மூடிவிட்டு வரையட்டும். பிறகு திறந்து பார்த்து விடுபட்டதை வேறு வண்ணத்திற் சேர்க்கட்டும். இரண்டு வண்ணங்களும் சேர்ந்து, எது தெரியும் எது தெரியாது என்பதைத் தாய் தந்தையர்க்கும் காட்டிவிடும்.

வீட்டில் கணிப்பொறி இல்லையே என்பார்க்கு: வேண்டியதில்லை. சிமெண்டுத் தரையும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். விடியுமுன் ஜீப்பேறிக் குமுளிக்கும் போடிமெட்டுக்கும் வந்து, விளக்கு வைத்தபின் திரும்பும் தாய்மார்க்குப் பாடம் சொல்லிக் கொடுக்க நேரமில்லை என்பதை அறிவோம். பிள்ளை வரைந்ததைக் காட்டி, “இந்தக் கோடு ஏன் இங்கே போகிறது?” என்று ஒரு கேள்வி கேட்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்கு மலையாளம் படிக்கத் தெரியவேண்டும் என்பதும் இல்லை.

தொடக்கத்திற் சொன்ன அன்பர் அவ்வாறே கேட்டிருக்கிறார். மகள் ‘நீர்’ வரைபடத்தில் குழாய், தொட்டி, மழை, கடல் என்று எழுதியிருந்தாள். குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தந்தை வினவ, “தொட்டியிலிருந்து” என்றாளாம், தொட்டிக்கு? தெரியவில்லை. மறுநாள் விடுமுறை, மேட்டுக்கு அழைத்துச் சென்று, பாறையிடுக்கில் ஊறிவரும் சுனையையும் அதிலிருந்து இறங்கும் குழாயையும் காட்டியிருக்கிறார். திரும்பி வந்து அவள் சேர்த்த கிளையில் ‘ஊற்று’ என்ற சொல் தமிழில் இருக்கிறது. அதன்கீழே ‘உறவ’ என்று மலையாளத்திலும் எழுதியிருக்கிறாள்.

மழைக்காலத்திலும் ஞாயிறு வகுப்புகள் இரு மாவட்டங்களிலும் தொடர்ந்து நடைபெறும். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்கள் வீட்டிலுள்ள பழைய நாட்காட்டித் தாள்களைக் கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்ளுகிறோம். அவற்றின் பின்புறம் வரைவதற்கு நன்றாக இருக்கிறது.