குழந்தையின் கால் முறிவும் கொல்லிமலைக் குடும்பங்களும்

நாமக்கல் மாவட்டத்தில் ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பரந்துள்ள கொல்லிமலையில், மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் சரிவுகளிலும் பள்ளங்களிலும் சிதறியுள்ள சிற்றூர்களில் மிளகு, காபி, வாழை, அன்னாசி, மரவள்ளி முதலியவற்றைப் பயிரிட்டு வாழ்கின்றனர். மரமேறுவதும் பாறைச் சரிவில் விளையாடுவதும் இருசக்கர வண்டியில் வளைவுப் பாதையில் செல்வதும் அன்றாட நிகழ்வாக உள்ள இம்மலையில், குழந்தைகள் விழுந்து காலை முறித்துக்கொள்ளும் வாய்ப்பு எப்போதும் உண்டு. முறிந்த எலும்பைச் சரியான நிலையில் வைப்பது மருத்துவரின் பணி. அந்நிலை கலையாமல் பல வாரங்கள் காப்பது குடும்பத்தின் பணி. மலைப்பகுதியில் இவ்விரண்டாம் பணியே கடினமானது என்பதால், அதற்குரிய அறிவு ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும்.

குழந்தை எலும்பின் இயல்பு

குழந்தையின் எலும்பைச் சுற்றியுள்ள எலும்புறை எனும் சவ்வு பெரியவர்களுக்கு இருப்பதைவிடத் தடிப்பானது. இரத்த ஓட்டம் மிகுந்த அவ்வுறையே புதிய எலும்பு விரைவில் உருவாகக் காரணமாகிறது. வளைக்கப்பட்ட பச்சைக் கொம்பு ஒருபுறம் பிளந்து மறுபுறம் ஒட்டிக்கொண்டிருப்பதைப்போல, குழந்தையின் எலும்பு முழுதும் துண்டாகாமல் ஒருபுறம் மட்டும் முறிவதும் உண்டு. எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டு எனும் குருத்தெலும்புப் பகுதியே காலை நீளச் செய்வதாகும். அதில் அடிபட்டால் பிற்காலத்தில் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும் என்பதால், முறிவு கூடிய பின்னரும் ஓரிரு ஆண்டுகள் மருத்துவரின் கண்காணிப்பு தேவைப்படுகிறது.

நடக்கத் தொடங்கிய சிறு குழந்தைகளுக்கு முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் மெல்லிய சாய்வு முறிவு ஏற்படும்போது, வீக்கம்கூட அதிகம் தெரியாமல், குழந்தை காலை ஊன்ற மறுப்பது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். ஆகவே விழுந்த குழந்தை நடக்க மறுத்தால், அதை அடம் என்றோ சுளுக்கு என்றோ கருதி உருவிவிடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே முறையாகும்.

விபத்து நேர்ந்த இடத்தில்

குழந்தையைத் தூக்கி நிறுத்தி நடக்கச் சொல்வதும், வளைந்த காலை இழுத்து நேராக்க முயல்வதும் முறிந்த முனைகளால் நரம்பையும் இரத்தக் குழாயையும் சிதைக்கக்கூடும். கால் இருக்கும் நிலையிலேயே, துணி சுற்றிய பலகையையோ மூங்கில் சிம்பையோ முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளைத் தாண்டும் அளவுக்கு வைத்து, விரல்கள் வெளியே தெரியும்படி, இறுக்கமின்றிக் கட்ட வேண்டும். எலும்பு வெளியே தெரியும் காயமானால், மண்ணோ மஞ்சளோ பச்சிலையோ இடாமல் தூய துணியால் மூட வேண்டும். திறந்த முறிவுக்குக் கிருமிக்கொல்லி மருந்தும் இரணஜன்னித் தடுப்பும் அவசரத் தேவைகளாகும். தலையிலோ கழுத்திலோ வயிற்றிலோ அடிபட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். தொடை எலும்பை முறிக்கும் அளவுக்கு வலுவான விபத்து பிற உறுப்புகளையும் தாக்கியிருக்கக்கூடும்.

மலையிலிருந்து இறங்கும் பயணம்

காரவள்ளி அடிவாரத்துக்கும் மலைக்கும் இடையே 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சிம்பு வைத்துக் கட்டாத கால் ஒவ்வொரு வளைவிலும் அசைந்து வலியையும் உட்கசிவையும் பெருக்கும் என்பதால், இருவருக்கு நடுவே இருசக்கர வண்டியில் குழந்தையை உட்காரவைத்து இறக்குவதைத் தவிர்த்து, தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்சை அழைப்பதே நல்லது. மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதாலும், வளைவுகளில் வாந்தி வரக்கூடும் என்பதாலும், மருத்துவர் பார்க்கும் வரை உணவோ பாலோ கொடுத்தல் கூடாது. வாந்தி வருமானால் புரையேறாதபடி தலையைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும்.

செம்மேட்டிலுள்ள அரசு மருத்துவமனையில் முதலுதவி பெற்று, தேவைக்கேற்ப நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரத் தகுதியுடையவை. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமற்ற சிகிச்சை உண்டு.

நாட்டுக்கட்டும் மாவுக்கட்டும்

மூலிகைக்குப் பெயர்பெற்ற மலையில் வாழும் மக்கள், எலும்பு முறிந்தவுடன் கட்டுவைத்தியரை நாடுவதில் வியப்பில்லை. ஆந்திரத்தின் புத்தூர் கட்டுக்குத் தமிழகத்திலிருந்து இன்றும் பலர் செல்கின்றனர். முறிவை அசையாமல் நிறுத்துதல் என்பதே நாட்டுக்கட்டுக்கும் மாவுக்கட்டுக்கும் பொதுவான அடிப்படை. தொடை முறிவுக்கு இன்றும் பயன்படும் தாமஸ் சிம்பை உருவாக்கிய ஹியூ ஓவன் தாமஸ், வேல்ஸ் நாட்டில் பரம்பரையாக எலும்பு கட்டிவந்த குடும்பத்தில் பிறந்து முறைப்படி மருத்துவம் பயின்றவர் ஆவார்.

எனினும் எக்ஸ்ரே இல்லாமல் வளர்ச்சித் தட்டின் காயத்தை அறிய இயலாது என்பதும், வீக்கம் ஏறிவரும் காலில் மூங்கில் பட்டைகளை இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் அழுகவும் கூடும் என்பதும் மறுக்க இயலாத உண்மைகள். இவ்வாபத்து மாவுக்கட்டுக்கும் பொருந்தும். கட்டுக்குள் வீக்கம் மிகுந்து தசைகளின் உறைக்குள் அழுத்தம் ஏறும் நிலையைத் தசையறை அழுத்த நோய் என்பர். அது தொடங்கிச் சில மணி நேரத்திலேயே தசையும் நரம்பும் மீளாத சேதமடையும். மருந்துக்கும் அடங்காமல் ஏறும் வலி, விரலை அசைத்தாலே அலறுதல், விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ சில்லிட்டோ மரத்தோ போதல் ஆகியவை இதன் அறிகுறிகள். மலையிலிருந்து இறங்கவே நெடுநேரம் பிடிக்கும் என்பதால், இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திராமல் நள்ளிரவானாலும் புறப்பட வேண்டும்.

வயதுக்கேற்ற சிகிச்சை

தொடை எலும்பு முறிந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இடுப்பையும் காலையும் சேர்த்து மாவுக்கட்டு போடப்படுகிறது. ஐந்து முதல் பதினோரு வயது வரையுள்ளோருக்கு வளையும் தன்மையுள்ள டைட்டானியக் கம்பிகளை எலும்பினுள் செலுத்தும் அறுவை சிகிச்சை பரவலாகச் செய்யப்படுகிறது. சிறு குழந்தைகளுக்கு நான்கு முதல் ஆறு வாரங்களிலும், பெரிய குழந்தைகளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களிலும் தொடை எலும்பு கூடுகிறது. முதல் இரண்டு வாரங்களில் கட்டுக்குள் எலும்பு விலகக்கூடும் என்பதால், குழந்தை நலமாகத் தோன்றினாலும், பயணச் செலவைக் கருதி மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுதல் ஆகாது.

வீட்டில் பராமரிப்பு

இடுப்புவரை மாவுக்கட்டு போட்ட குழந்தை பேருந்து இருக்கையில் அமர இயலாது என்பதால், படுக்கவைத்து அழைத்துவரும் வண்டியை முன்னரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மாவுக்கட்டு முழுதும் உலர ஓரிரு நாள் ஆகும்; மேகமும் சாரலும் மிகுந்த மலைக் காற்றில் கூடுதல் நேரமும் பிடிக்கலாம். அதற்காக அடுப்பருகே வைத்து உலர்த்தினால் உள்ளே தோல் வெந்துபோகும். சிறுநீரும் மலமும் படாதபடி கட்டின் விளிம்பில் பிளாஸ்டிக் தாளைச் செருகி, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்பதும், பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவதும் படுக்கைப்புண்ணைத் தடுக்கும். அரிப்புக்காகக் குச்சியையோ பென்சிலையோ கட்டுக்குள் விடுவதனால் புண்ணாகிச் சீழ்பிடிக்கலாம். கட்டிலிருந்து துர்நாற்றமோ, காரணம் தெரியாத காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எலும்புக்கு உரிய உணவு

கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை விளைந்த நிலங்களில் பெரும்பகுதி, ஜவ்வரிசி ஆலைகளின் தேவைக்காக மரவள்ளிக்கு மாறிவிட்டதை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்துள்ளது. மரவள்ளியில் மாவுச்சத்து மிகுதி, புரதம் மிகக் குறைவு. மாறாக, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. கேழ்வரகுக் கூழோடு முட்டை, பால், பயறு, கீரை சேர்ந்தாலே போதும். கால் முறிந்த குழந்தைக்குப் பத்தியம் என்று முட்டையையும் பாலையும் விலக்குவது எலும்பு கூடத் தேவையான சத்தையே விலக்குவதாகும்.

குடும்பத்தின் சுமை

தாய் வீட்டிலேயே தங்க நேர்வதால் அவருடைய கூலி நிற்கிறது. தந்தை மருத்துவமனைக்கு அலைவதால் மிளகுக் கொடியும் காபிச் செடியும் கவனிப்பாரற்றுப் போகின்றன. உடன்பிறந்தோர் தங்களைக் கண்டுகொள்ளவில்லை என ஏங்குகின்றனர். கவனக்குறைவு யாருடையது என்ற வாதம் அத்துன்பத்தை இரட்டிப்பாக்குவதன்றிப் பயன் தருவதில்லை. பாட்டி, சித்தி, பங்காளி வீட்டார் எனப் புரட்டிவிடும் வேலையையும் இரவுக் கண்விழிப்பையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது தாயின் உடல்நலத்தையும் காக்கும். உண்டு உறைவிடப் பள்ளியில் பயிலும் குழந்தையாயின், ஆசிரியரிடம் தெரிவித்துப் பாடங்களை வீட்டுக்குப் பெற்றுக்கொள்ளலாம்.

மீண்டும் நடத்தல்

கட்டுப் பிரித்ததும் தசை மெலிந்தும் மூட்டு இறுகியும் இருப்பதால், சில மாதங்கள் வரை நொண்டி நடப்பது இயல்பே. ஊன்றுகோலுடன் ஈரச் சரிவில் இறங்காமல் முதலில் சமதளத்தில் பழக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வழங்கப்படுவதால், அப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதனைக் கேட்டுப் பெறலாம். தொடை முறிந்த கால் மற்றதைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்வதும் உண்டு. அது பொதுவாக நடையைப் பாதிப்பதில்லை. நொண்டுதல் குறையாமல் நீடித்தாலோ, சிறு அடிக்கே எலும்பு மீண்டும் முறிந்தாலோ, வைட்டமின் டி குறைபாடு போன்ற காரணம் உள்ளதா எனச் சோதிக்க வேண்டும்.

குழந்தையின் எலும்பு கூடும் ஆற்றலை இயற்கை தாராளமாகவே அளித்துள்ளது. அதனைக் கெடுப்பவை தாமதமும் இறுகிய கட்டும் கைவிடப்பட்ட மறுபரிசோதனையுமே. கொல்லிமலையின் ஒவ்வொரு குடும்பமும் 108 எண்ணையும், காப்பீட்டு அட்டை இருக்கும் இடத்தையும், விரல்களில் தெரியும் ஆபத்து அறிகுறிகளையும் இன்றே அறிந்துவைத்தல் வேண்டும்.