தண்ணீருக்குப் பயந்து தெளிப்பானை வேண்டாமென்பதா?

கடந்த ஆவணியில் வடமராட்சியிலுள்ள எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் போயிருந்தேன். போரில் இடிந்துபோனதை ஊரவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் சேர்ந்து இரண்டு மாடியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேல்மாடியில் ஓர் ஆவண அறை. ஒவ்வொரு இடப்பெயர்வின்போதும் சனங்கள் உரப்பையில் போட்டுக் காவித் திரிந்து காப்பாற்றிய பழைய பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள், கலியாணப் படங்கள் எல்லாம் அங்கேதான் வைக்கப்படப்போகின்றன.

நான் லண்டனில் பதினெட்டு வருடமாகத் தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான் பூட்டும் வேலை செய்பவன். அது தெரிந்த செயலாளர் கேட்டார்: "அண்ணை, உதைப் பூட்டினா ஆரும் ஒரு சுருட்டுப் பத்தவைச்சாலே தண்ணி கொட்டி எல்லாத்தையும் நாசமாக்கிப்போடாதே?"

லண்டனிலும் இதே கேள்வியைக் கேட்பார்கள். சினிமா செய்த வேலை. படத்தில் ஒருவன் லைற்றரைக் கொளுத்திக் கூரைக்கு நேரே பிடிப்பான். மறுகணம் கட்டடம் முழுவதும் மழை. நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. வழக்கமான தெளிப்பானுக்குப் புகை என்றால் என்னவென்றே தெரியாது. அது திறப்பதற்கு மின்சாரமும் தேவையில்லை.

கூரையோடு ஓடும் குழாய்களில் தண்ணீர் அழுத்தத்துடன் எப்போதும் நிறைந்திருக்கும். குழாயில் இடைவெளிவிட்டுப் பூட்டிய ஒவ்வொரு தலையின் வாயையும் ஒரு சிறு மூடி அடைத்திருக்கிறது. அந்த மூடியைத் தாங்கிப் பிடிப்பது சின்னிவிரலைவிடச் சிறிய ஒரு கண்ணாடிக் குமிழ்தான். அதற்குள் நிறமுள்ள திரவமும் துளியளவு காற்றும் இருக்கும். சூடு ஏற ஏறத் திரவம் விரியும். இனி விரிய இடமில்லை என்றானதும் கண்ணாடி வெடிக்கும், மூடி விழும், தண்ணீர் பாய்ந்து கீழேயுள்ள பல்லுத் தகட்டில் மோதிக் குடைபோல விரியும். திரவத்தின் நிறம் அழகுக்காக இல்லை. செம்மஞ்சள் 57 பாகை செல்சியஸில் வெடிக்கும், சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93. அலுவலகங்களில் பெரும்பாலும் சிவப்பையே காண்பீர்கள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் கூரைத் தகட்டுக்குக் கீழே பூட்டுவதென்றால் நிறத்தை யோசித்துத்தான் தெரிவுசெய்ய வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தலையும் தன் சூட்டுக்குத் தானே திறக்கிறது. பக்கத்துத் தலைக்கு அந்தச் சூடு போய்ச் சேராவிட்டால் அது மூடியபடியே இருக்கும். பெரும்பாலான தீவிபத்துகளில் ஒன்றிரண்டு தலைகள் திறந்ததோடு காரியம் முடிந்துவிடுகிறது. ஒரு தலையிலிருந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 100 லீற்றர் வரை வரும். தீயணைப்பு வண்டியின் குழாய் அதைப்போலப் பலமடங்கு தண்ணீரை அடிக்கும். அதுவும் நெருப்பு நன்றாக வளர்ந்த பிறகு.

இதில் லொஸ் ஏஞ்சல்ஸ் மத்திய நூலகம் பட்டது பெரிய பாடு. அந்தக் காலத்து நூலகர்கள் பலருக்கு நெருப்பைவிடத் தண்ணீர்மேல்தான் பயம் அதிகம். அங்கே புத்தக அடுக்குகள் இருந்த பகுதியில் தெளிப்பான்கள் இல்லை. 1986 ஏப்ரல் 29 அன்று பிடித்த தீ ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. ஏறத்தாழ 4 இலட்சம் புத்தகங்கள் அழிந்தன. இன்னும் 7 இலட்சம் புத்தகங்கள் புகையாலும் தண்ணீராலும் பழுதாகின. நனைந்தவற்றைக் குளிர் அறைகளில் உறையவைத்துப் பிறகு உலர்த்தினார்கள். நனைந்த புத்தகத்துக்கு அப்படி ஒரு வழியாவது உண்டு, சாம்பலுக்கு இல்லை.

இதைச் சொல்லும்போது அங்கிருந்த வயதான ஐயா ஒருவர் குறுக்கே கேட்டார்: "அப்ப தம்பி, எங்கட நூலகத்தில உது இருந்திருந்தா?"

எதைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். 1981இல் மே 31 இரவு கடந்து ஜூன் பிறக்கையில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணம் பொது நூலகம். 97,000 வரையான நூல்களும் ஏடுகளும். காப்பாற்றியிருக்காது ஐயா என்றேன். தெளிப்பானைக் கணக்கிடுவது ஓரிடத்தில் தற்செயலாகத் தொடங்கும் நெருப்புக்கு. வேண்டுமென்றே பல இடங்களில் வைத்தால் பல தலைகள் ஒன்றாக வெடித்து அழுத்தம் விழுந்துவிடும். அதற்கும் முதல், எரிக்க வருகிறவர்களில் ஒருவர் வால்வைப் பூட்டினாலே போதும். அவர் ஒன்றும் பேசவில்லை.

ஆவண அறைகளுக்கென்று இன்னொரு வகை உண்டு. குழாய்களில் தண்ணீர் இருக்காது, காற்றுத்தான். முதலில் புகை உணரி எச்சரித்து வால்வைத் திறக்க வேண்டும். பிறகு கண்ணாடியும் வெடிக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் தண்ணீர். ஏணி முட்டி ஒரு தலை உடைந்தாலும் புத்தகம் நனையாது. ஆனால் விலை கூட, பராமரிப்பும் கூட. என்னைக் கேட்டால் ஒரு கிராமத்து வாசிகசாலைக்கு எளிய முறையே போதும்.

செயலாளர் ஆவண அறைக்கு மட்டும் பூட்டலாமா என்றார். அது காசை வீணாக்குவது. நெருப்பு கீழ்மாடியிலிருந்தே ஏறி வரும். முழுக் கட்டடத்துக்கும் என்றால் தண்ணீர்க் கணக்கு வருகிறது. நான்கு தலைகள், நிமிடத்துக்கு 80 லீற்றர், அரை மணி நேரம் என்று உத்தேசமாகப் பார்த்தாலே 9,600 லீற்றர். வீட்டுக் கூரையில் வைக்கிற 1,000 லீற்றர்க் கறுப்புத் தாங்கிகள் பத்து. பம்பியும் வேண்டும், மின்சாரம் நின்றால் ஓட டீசலும் வேண்டும்.

இந்த முறைகள் வேலை செய்யாமல் போவதற்கு முதற்காரணம், யாரோ திருத்த வேலைக்காக வால்வைப் பூட்டிவிட்டுத் திறக்க மறந்ததுதான். கொழும்பில் நான் தங்கிய ஒரு விடுதியில் சுவருக்கு அடித்த வெள்ளைப் பெயின்ற் தெளிப்பான் தலைகள்மேலும் இருந்தது. அந்தத் தலை எப்போது வெடிக்கும் என்று சொல்லவே முடியாது. வரவேற்பில் சொன்னேன். சிரித்துவிட்டு, காலைச் சாப்பாடு ஏழு மணிக்கு என்றார்கள்.

இப்போதைக்கு வாசிகசாலையில் மூன்று வேலை சொல்லிவிட்டு வந்தேன். பழைய மின்வயர்களை மாற்றுவது, இரண்டு மாடியிலும் புகை எச்சரிக்கைக் கருவி பூட்டுவது, படிக்கட்டுக்குக் கீழே வைத்திருக்கும் மின்பிறப்பாக்கியின் டீசல் கானை வெளியே கொண்டுபோவது. கான் அன்றைக்கே வெளியே போனது. தெளிப்பானுக்கு மதிப்பீடு எழுதித் தரும்படி கேட்டார்கள், அனுப்பியிருக்கிறேன். அதில் வாரம் ஒருமுறை பம்பியை ஓடவிட்டு, வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்துக் கையொப்பம் இடுபவர் பெயர் என்று ஒரு வரி வைத்திருக்கிறேன். அதை அவர்கள் இன்னும் நிரப்பவில்லை.