முதல் உடனடிப் படக் கேமரா: ஃபிலிமிலிருந்து தொடங்குவோம்

உடனடிப் படக் கேமரா வாங்கச் செல்வோரின் பார்வை முதலில் கேமராவின் நிறத்திலும் அதன் விலைச் சீட்டிலும் படிகிறது. நாம் முதலில் கேட்க வேண்டியதோ, அதனுள் இடும் ஃபிலிமின் விலையை. கேமராவை ஒருமுறைதான் வாங்குகிறோம். ஃபிலிமை அது உழைக்கும் காலமெல்லாம் வாங்குகிறோம். கேமராவுக்கு மாதத் தவணை வசதி கிடைக்கலாம், ஃபிலிமுக்குக் கிடைப்பதில்லை.

எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். 10 படங்கள் கொண்ட ஒரு பெட்டி 600 ரூபாய் எனக் கொண்டால், படம் ஒன்றுக்கு 60 ரூபாய். வாரத்துக்கு ஐந்து படங்கள் எடுத்தால் ஆண்டுக்கு 26 பெட்டிகள், அதாவது 15,600 ரூபாய். தொடக்கநிலைக் கேமராவின் விலையை இத்தொகை எளிதில் மிஞ்சிவிடும். முதல் பெட்டி தீர்ந்தபின் அலமாரியில் உறங்கப்போகும் கேமராவா, அல்லவா என்பது இக்கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இவ்வளவு விலை ஏன்? ஒவ்வொரு படத்தின் வெள்ளை ஓரத்திலும் ரசாயனக் குழம்பு அடங்கிய சிற்றுறை ஒன்று உண்டு. படம் வெளியேறும்போது கேமராவின் இரு உருளைகள் அதனை நசுக்கிப் படப்பரப்பெங்கும் பரப்புகின்றன. ஒவ்வொரு தாளும் தனக்கென ஓர் இருட்டறையைச் சுமந்து வருகிறது எனலாம். வெளிவந்த படத்தைக் கையில் பிடித்து விசிறுவோர் பலர். அதனால் பயன் ஏதுமில்லை.

இத்துறையைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்காவின் எட்வின் லேண்ட். அவருடைய போலராய்டு கேமரா 1948-இல் பாஸ்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. இன்றைய போலராய்டு ஃபிலிம் பெட்டியில் 8 படங்களே உள்ளன. வண்ணப்படம் தெளிவதற்குச் சுமார் 15 நிமிடங்கள் ஆகும். வெளிவந்தவுடன் வெளிச்சம் படாமல் மறைக்கவும் வேண்டும். அதன் பெரிய சதுரப் படத்தின் அழகு தனிதான். ஆயினும் புதிதாகப் பழகுவோருக்கு, ஃபூஜிஃபிலிம் நிறுவனம் 1998 முதல் வழங்கிவரும் இன்ஸ்டாக்ஸ் வகையையே நாம் பரிந்துரைப்போம். பெட்டிக்கு 10 படங்கள். ஏறத்தாழ 90 விநாடிகளில் உருவம் தெளிகிறது. நம் நாட்டில் ஃபிலிமும் எளிதில் கிடைக்கிறது.

இன்ஸ்டாக்ஸில் மினி, ஸ்கொயர், வைட் என மூன்று அளவுகள் உண்டு. ஒன்றின் ஃபிலிம் மற்றொன்றில் பொருந்தாது. மினி தாளின் அளவு 86 × 54 மில்லிமீட்டர்; ஏறக்குறைய நம் ஏடிஎம் அட்டையின் அளவே. ஆகவே பணப்பையின் அட்டை உறையில் கச்சிதமாக அமர்ந்துவிடும். பத்துப் பேர் நிற்கும் குடும்பப் படம் எடுப்போருக்கு மட்டும் வைட் ஏற்றது.

மினியிலும் எந்த மாதிரி என்பது அடுத்த கேள்வி. பழைய மினி 9-இல் வெயில், மேகம், வீட்டினுள் என வெளிச்சத்துக்கேற்ப வளையத்தை நாமே திருப்ப வேண்டும். மறந்தால் ஒரு தாள் வீண். மினி 11, மினி 12 ஆகியவை ஒளியளவைத் தாமே கணித்துக்கொள்கின்றன. முதல் கேமராவுக்கு இவையே போதும். ஆனால் இவற்றின் ஃபிளாஷ் ஒளி எட்டுவது இரண்டு மீட்டர் அளவுக்கே. திருமண மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மேடையை எடுத்தால் இருளே மிஞ்சும். மணமக்களின் அருகே சென்று எடுப்பதே வழி. எடுத்தவற்றுள் நல்லதைத் திரையில் பார்த்துத் தேர்ந்து அச்சிட விரும்புவோருக்கு மினி ஈவோ உண்டு. விலை கூடுதலாயினும் ஃபிலிம் வீணாவது குறையும். கைப்பேசிப் படங்களையே சிறு படங்களாக அச்சிட விழைவோருக்குக் கேமராவே வேண்டியதில்லை. மினி லிங்க் என்னும் அச்சுப்பொறி போதும்.

ஒன்றை நினைவில் கொள்வது அவசியம். இதில் நெகட்டிவ் கிடையாது. கையில் உள்ள படமே மூலம், அதுவே ஒரே பிரதி. பாட்டியின் எண்பதாம் பிறந்தநாளில் எடுத்த படம் தொலைந்தால் மறுபடி கழுவித் தர எந்தக் கடையாலும் இயலாது. படம் தெளிந்த அன்றே ஸ்கேன் செய்து வைத்துவிட வேண்டும். வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் வெளிறும்.

ஃபிலிமுக்கும் வெப்பம் ஆகாது. கோடையில் மூடிய காருக்குள் விட்டுச் செல்லலாகாது. எண்ணிக்கை காட்டும் இடத்தில் 0 வரும்வரை கேமராவின் பின்கதவைத் திறந்தால் எஞ்சிய தாள்கள் வெளிச்சம் பட்டுக் கெடும். விமானப் பயணத்தில் ஃபிலிமைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எக்ஸ்-ரே இயந்திரத்தில் செலுத்தாமல் கையால் சோதிக்குமாறு பணிவுடன் கேட்கலாம். சலுகை விலை கண்டு பத்துப் பெட்டிகளை அடுக்குமுன், பெட்டியின் மீதுள்ள காலாவதித் தேதியைப் பார்ப்பது நலம். தொடக்கத்துக்கு இரண்டு பெட்டிகள் போதும்.