பச்சைப் புள்ளி சொல்லாத செய்தி: உணவுப் பட்டியல் வகைகளும் ஒவ்வாமை விழிப்புணர்வும்

வடசென்னையில் பழைய கறுப்பர் நகரத்தைச் சூழ்ந்திருந்த மதிலின் வாயில்களுள் ஒன்றால் பெயர்பெற்ற யானைக்கவுனி, சில கிலோமீட்டர் தொலைவுக்குள் வெவ்வேறு சமையல் மரபுகள் அருகருகே இயங்கும் பகுதியாகும். சவுகார்பேட்டையின் தங்கசாலைத் தெருவில் குஜராத், ராஜஸ்தான் வணிகக் குடும்பங்களுக்குப் பழக்கமான பால் இனிப்புகளும் சாட் வகைகளும் விற்கின்றன. அவற்றுக்கு நடுவே நெய் இட்லியும் ஊத்தப்பமும் தரும் டிபன் கடைகள் இருக்கின்றன. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ எனும் நூடுல்ஸ் உணவு கிடைக்கிறது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் போனால் மீனும் இறாலும் நண்டும் அன்றாட உணவு. இத்தகைய வட்டாரத்தில் உணவக வேலை பழகும் ஒருவர், உணவுப் பட்டியலின் வகைகளை ஒரு பாடமாகவும் உணவு ஒவ்வாமையை இன்னொரு பாடமாகவும் பிரித்துக் கற்பது போதாது. எந்த வகைப் பட்டியலில், எந்தக் கட்டத்தில் ஆபத்து மறைந்துகொள்கிறது என்பதை அறிந்தவரே பாதுகாப்பாகப் பரிமாற முடியும்.

ஒவ்வாமை என்பது, பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளை, பெரும்பாலும் ஒரு புரதத்தை, சிலரது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு பகையாகக் கருதித் தாக்குவதாகும். 1902-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலாளர்களான பால் போர்ட்டியே, சார்ல் ரிஷே ஆகிய இருவரும் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தபோது, முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்களுக்குப் பின் மிகச் சிறிய அளவு செலுத்தப்பட்டதும் உடனே இறந்ததைக் கண்டு, அந்தக் கடும் எதிர்விளைவுக்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயரிட்டனர். இதற்காக ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1921-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் பிராஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாமை கொண்ட தம் சக ஆய்வாளர் ஹைன்ஸ் கூஸ்ட்னரின் இரத்தநீரைத் தம் தோலில் செலுத்திக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியபோது அங்கே தடிப்பு எழுந்தது. ஒவ்வாமைக்குக் காரணமான ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கிறது என்பதை அச்சோதனை காட்டியது. அது இம்யூனோகுளோபுலின்-ஈ எனும் எதிர்ப்புப் பொருள் என்பதை 1966-இல் ஆய்வாளர்களான இஷிசாகா தம்பதி கண்டறிந்தனர். கூஸ்ட்னருக்கு ஒத்துக்கொள்ளாதிருந்தது சமைத்த மீன்தான் என்பது சமையலறையில் இருப்போர் மறக்கக் கூடாத செய்தி. இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோபோமையோசின், மீனில் தூண்டும் பார்வால்புமின் ஆகிய புரதங்கள் கொதியையும் தாங்குபவை; ஆகவே நன்றாக வேக வைத்துவிட்டால் பயமில்லை என்ற எண்ணம் கிருமிகளுக்குப் பொருந்துமே ஒழிய ஒவ்வாமைக்குப் பொருந்தாது.

ஒவ்வாமையை ஒத்த வேறு இரண்டு நிலைகளையும் பயிற்சி பெறுபவர் பிரித்தறிய வேண்டும். பாலிலுள்ள லாக்டோஸ் எனும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவதால் வயிறு உப்புவது செரியாமை; அது துன்பம் தருமே தவிர உயிருக்கு ஆபத்தன்று. கோதுமையிலுள்ள குளூட்டன் எனும் புரதத்தால் சிறுகுடலின் உட்சுவர் சிதையும் சீலியாக் நோயில், உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் குடலையே தாக்குகிறது. அதன் கேடு உடனே வெளியே தெரியாவிட்டாலும் சிறு துணுக்குகூட விலக்கத்தக்கது. வாடிக்கையாளர் மூன்றையும் ‘ஒத்துக்காது’ என்ற ஒரே சொல்லால் சொல்லக்கூடும் என்பதால், மேலும் கேட்டுத் தெளியும் வரை அதை ஒவ்வாமையாகவே கொள்வது முறை.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் எட்டு ஒவ்வாமைக் காரணிகளைக் குறிப்பிடுகின்றன: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகள், பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட சல்ஃபைட் ஆகியவையே அவை. மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளைகள் கொண்ட உணவகங்கள், கலோரி அளவுடன் இக்காரணிகளையும் பட்டியலில் காட்ட வேண்டும். எள், கடுகு இரண்டும் இந்திய வரிசையில் இல்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 காரணிகளுள் இரண்டும் உண்டு, அமெரிக்காவும் 2023 முதல் எள்ளைச் சேர்த்துக்கொண்டது. தாளிப்பில் கடுகும் மிளகாய்ப் பொடியில் எள்ளும் தவறாமல் இடம்பெறும் தமிழ்ச் சமையலறையில், சட்டம் கேட்காவிட்டாலும் இவ்விரண்டையும் குறித்துவைப்பதே அறிவுடைமை.

மறைந்திருக்கும் காரணிகளே பெரும் ஆபத்தானவை. பருப்பும் புளியும் காய்கறியும் மட்டுமே சேர்ந்ததாகத் தோன்றும் சாம்பாரில் கோதுமை இருக்க வாய்ப்பில்லை என்று பலரும் எண்ணுவர். ஆனால் கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவும் சேர்க்கப்படுவது வழக்கம், டப்பாவின் பின்புறத்தைப் படித்தால் அது தெரியும். ஆலையில் முழுமையாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறத்தாழ நீங்கிவிடுகிறது. மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் அது தங்குகிறது. எனவே ‘கடலை எண்ணெய்’ என்ற பதில் மட்டும் போதாது, எந்த எண்ணெய் என்பதும் தெரிய வேண்டும். சவுகார்பேட்டையின் புகழ்பெற்ற முறுக்கு சாண்ட்விச்சில் வெண்ணெயும் சீஸும் கண்ணுக்குத் தெரிகின்றன, முறுக்கு மாவில் கலந்த எள் தெரிவதில்லை. அத்தோவின் நூடுல்ஸ் கோதுமை மாவால் ஆனது. இறால் கறுக்காமலிருக்கப் பயன்படுத்தும் மெட்டாபைசல்ஃபைட், ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சுத்திணறலைத் தரக்கூடும்.

இனிப் பட்டியல் வகைகளைக் காணலாம். ஒவ்வொரு பண்டத்துக்கும் தனி விலை குறித்து, விரும்பியதை மட்டும் கேட்டு வாங்க இடம் தரும் பட்டியலை உணவகத் துறையில் அ லா கார்ட் என்பர். பெரும்பாலான டிபன் கடைகளின் பலகை இவ்வகையே. இங்கே ஒவ்வொரு பண்டமும் தனித்தனியே ஆர்டராவதால் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் வாய்ப்பு மிகுதி. ஆனால் இட்லியுடன் கேளாமலே வந்து சேரும் சட்னியும் பொடியும் பட்டியலில் தனி வரி பெறுவதில்லை.

பல பண்டங்களை ஒரே விலையில் ஒரு தொகுதியாகத் தருவது தாப்ல் தோத் எனப்படும். தமிழரின் இலைச் சாப்பாடும் வடநாட்டுத் தாலியும் இதன் நம் நாட்டு வடிவங்கள். உண்பவர் பொரியலையும் கூட்டையும் தெரிவு செய்வதில்லை, அவை தாமே வந்து சேர்கின்றன. சப்ளையரின் தூக்கில் உள்ள கரண்டிகள் ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுகின்றன. ஒரு காரணி இவ்வாறு கரண்டி, கை, எண்ணெய், பலகை வழியே வேறொரு உணவில் படிவதைக் குறுக்குத் தொடர்பு என்பர். விருந்தினர் தாமே எடுத்துண்ணும் பஃபேயில் கரண்டிகளை மாற்றிப் போடுபவர் விருந்தினரே என்பதால் இவ்வபாயம் மேலும் கூடுகிறது; பெயரட்டையும் தனிக் கரண்டியும் வைத்தாலும், ஒவ்வாமை உள்ளவருக்குச் சமையலறையிலிருந்தே தனித் தட்டு கொடுப்பது நல்லது.

அன்றைய வரத்தைப் பொறுத்து எழுதப்படும் அன்றைய சிறப்புப் பட்டியல், காசிமேட்டு மீனை நம்பிய உணவகங்களுக்கு இயல்பானது. காலையில் வஞ்சிரம் என்று எழுதிய பலகை மதியம் இறாலாக மாறும்போது, அம்மாற்றம் சரக்கு மாஸ்டரிடமிருந்து சப்ளையருக்கு வந்து சேராவிட்டால் விபத்து நேரும். குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை திரும்பிவரும் சுழற்சிப் பட்டியல், எண்ணூர், திருவொற்றியூர், மணலி தொழிற்சாலைக் கேன்டீன்களிலும் விடுதிகளிலும் வழங்குவது. 250-க்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை செய்யும் இடங்களில் கேன்டீன் அமைக்கச் செய்ய அரசுக்கு அதிகாரம் அளித்தது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். உண்பவர்களும் உணவும் முன்கூட்டியே தெரியும் என்பதால் ஒவ்வாமைக்குத் திட்டமிட மிகவும் ஏற்ற வகை இதுவே. பதிவேட்டில் ஒரு முறை குறித்துவைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் அது பயன்படும்.

யானைக்கவுனி, சவுகார்பேட்டை வட்டாரத்துச் சமையலறைகளுக்கு இவ்வொழுங்கு புதிதன்று. வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகளைத் தவிர்க்கும் ஜைனர்களுக்காக ‘ஜெயின்’ என்று சொல்லி ஆர்டர் எடுப்பதும், தனி மசாலா அரைப்பதும், தனி வாணலி வைப்பதும் இங்கே நெடுங்காலப் பழக்கம். ஒருவரது நம்பிக்கையை மதித்துக் கைக்கொண்ட அதே கட்டுப்பாட்டை இன்னொருவரது உயிருக்காகக் கைக்கொள்வதே ஒவ்வாமைப் பயிற்சியின் சாரம். ஆனால் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடலாகாது. பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டுமே அறிவிக்கிறது. வெங்காயமில்லாத ஜெயின் பனீர் மசாலாவின் குழம்பு முந்திரி விழுதால் கெட்டியானதாக இருக்கலாம், பால் இனிப்பின் மேல் பிஸ்தா தூவப்பட்டிருக்கலாம். சைவ உணவகம் என்ற காரணத்தால் ஒவ்வாமை அபாயம் இல்லை என்று சொல்லும் பணியாளர் தவறான உறுதிமொழி தருகிறார்.

நடைமுறை எளிது. ஆர்டர் எடுக்கும்போதே ஏதேனும் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்க வேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சீட்டில் எழுதி, மாஸ்டரிடம் வாயாலும் தெரிவிக்க வேண்டும். பொருட்பட்டியலைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கையைச் சோப்பால் கழுவி, சுத்தமான கல்லிலும் புதிய எண்ணெயிலும் சமைத்து, அத்தட்டை வேறெதனுடனும் சேர்க்காமல் கொண்டுசெல்ல வேண்டும். தவறி விழுந்த முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டைத் தருவது குற்றத்துக்கு நிகர். புதிதாகத்தான் சமைக்க வேண்டும். தெரியாதபோது ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இதைத் தவிர்த்துவிடுங்கள்’ என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை.

எல்லாக் கவனத்தையும் மீறி ஒருவருக்கு உதடு அரித்து, தோல் தடித்து, தொண்டை இறுகி, மூச்சு இரைக்கத் தொடங்கினால், உடனே 108-ஐ அழைத்து அனாஃபிலாக்சிஸ் என்று சொல்ல வேண்டும். அவரை நடக்க விடாமல் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். அவரிடமே அட்ரினலின் ஊசி இருந்தால் தொடையின் வெளிப்புறத்தில் செலுத்த உதவ வேண்டும். எலுமிச்சைச் சாறு கொடுப்பதும் வாந்தி எடுக்கச் செய்வதும் நேரத்தை வீணாக்கும். அட்ரினலினே முதல் மருந்து.

உணவு கையாளும் ஒவ்வொரு 25 பேருக்கும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும் என்று ஆணையம் வலியுறுத்துகிறது. ஆனால் வாடிக்கையாளர் கேள்வி கேட்பது மேற்பார்வையாளரிடம் அன்று, தண்ணீர் வைக்க வரும் இளைஞரிடம். ஆகவே உணவக உரிமையாளர்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே எட்டுக் காரணிகளையும் எள், கடுகையும் குறித்த ஒரே ஒரு தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, புதிதாகச் சேரும் பணியாளருக்கு முதல் நாளே அதைப் படிக்கக் கற்பிக்க வேண்டும்.