முதலுக்கே மோசம்

ஆன்லைன் போக்கரை விவரமாக ஆடுபவர்கள் முதலில் பேசுவது சீட்டைப் பற்றி அல்ல, 'பேங்க்ரோல்' பற்றித்தான். நம்ம ஊர் வியாபாரிகள் சொல்லும் கைமுதல். வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக, முழுசா தொலைந்தாலும் குடும்பம் தள்ளாடாத காசு.

இதற்குப் பிரபலமான ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க ஆட்டக்காரர் கிறிஸ் ஃபெர்குசன் 2006-ல், ஒரு பைசா போடாமல் இலவசப் போட்டிகளில் தொடங்கி 10,000 டாலர் சேர்க்கிறேன் என்று இறங்கினார். எந்த மேசையிலும் கைமுதலில் 5 சதவீதத்துக்கு மேல் வைப்பதில்லை. பெரிய போட்டி என்றால் 2 சதவீதம். மேசையில் உள்ள காசு மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்துவிட வேண்டும். சுமார் 16 மாதத்தில் சேர்த்தும் காட்டினார். (அவர் பங்குதாரராக இருந்த ஃபுல் டில்ட் நிறுவனம் 2011-ல் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது 6 கோடிதான் என்றது அமெரிக்க அரசுத் தரப்பு. அது தனிக் கதை!)

மான்ட்ரியலின் வில்லரேயில், ஜாரி மெட்ரோ பக்கத்து வாடகை வீட்டில் உட்கார்ந்து நானும் அதையே பின்பற்றினேன். கைமுதல் 500 டாலர், மேசைக்கு 25. சாஃப்ட்வேர் ஆளாச்சே, எக்செல் ஷீட்டும் போட்டேன். அதில் இலக்கு என்ற கட்டத்தில் 'மாதம் 300 டாலர்' என்று எழுதினேன் பாருங்க, அங்கேதான் கோட்டை விட்டேன்.

சீட்டுக்கு மாதக் கடைசி தெரியுமா? ஒரு பிப்ரவரி 27, வெளியே பனி. இலக்குக்கு இன்னும் 120 டாலர் பாக்கி. 25-க்குப் பதில் 200 டாலரோடு உட்கார்ந்தேன். கையில் ஜோடி ஏஸ், எதிராளியிடம் ஜோடி கிங். மொத்தத்தையும் தள்ளினேன். நூற்றுக்கு 82 முறை ஜெயிக்கும் கை அது. அன்றைக்கு வந்தது மீதி 18-ல் ஒன்று. ஆட்டத்தில் தப்பில்லை, வைத்த தொகையில்தான் தப்பு. அதை விட்டுப் பிடிக்க, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகச் சேர்த்த டிக்கெட் காசைத் தொட்டேன். விடியும்போது 800 டாலர் காலி. நண்பரிடம் கடன் வாங்கித்தான் விமானம் ஏறினேன். மனைவிக்குச் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது ஷீட்டில் டாலர் இலக்கே கிடையாது. வாரம் 6 மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் தோற்ற கைகளைத் திரும்பப் பார்ப்பது. கைமுதல் தனிக் கணக்கில். தீர்ந்தால் அந்த வருஷம் ஆட்டம் இல்லை. இங்கே அரசின் லோட்டோ-கியூபெக் தளத்திலேயே, வாரத்துக்கு இவ்வளவுதான் போடுவேன் என்று வரம்பு வைக்கலாம்.

ஊரில் நிலைமை வேறு. ரம்மி, போக்கரை அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் தமிழக அரசு சேர்த்தது செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. திறமையா, அதிர்ஷ்டமா என்று வருடக்கணக்கில் வாதாடினோம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது. சூதாடியே புலம்புகிறான் என்று நினைக்காதீர்கள், எனக்கு அதில் வருத்தமில்லை.

அதற்குச் சில மாதம் முன்பு ஈரோட்டிலிருந்து சித்தப்பா பையன் கூப்பிட்டான். "அண்ணா, உங்க கணக்கை எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

"முதல்ல கைமுதல் எவ்வளவுடா வச்சிருக்க?"

"கிரெடிட் கார்டு இருக்குண்ணா."