தண்ணீரைக் கொட்டியும் கொசு வருவது ஏன்?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரே அதற்குப் போதும். முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டிவைக்கும். எள்ளைவிடச் சிறிய அந்தக் கறுப்புப் புள்ளிகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிந்து, புழு, கூட்டுப்புழு என வளர்ந்து, 7 முதல் 10 நாளில் கொசுவாகிப் பறந்துவிடும்.

ஆகவே, கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு எல்லாவற்றின் உட்புறத்தையும் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். கொட்டாங்கச்சி, பழைய டயர்களை அப்புறப்படுத்துங்கள். கவிழ்க்க முடியாத ஆட்டுக்கல் குழியைத் துடைத்து மூடிவையுங்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும். இரவில் கட்டும் கொசுவலையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.