உன் முறை, என் முறை

ஆவடியில் இருக்கும் என் தங்கை மகனுக்கு நாலு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். டப்பா மூடியைச் சுழற்றிவிட்டு மணிக்கணக்காய்ப் பார்த்துக் கொண்டிருப்பான். "நீ பிள்ளையோட பேசறதே இல்லை, அதான் இப்படி" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்ன ஒரு சொல், தங்கையைப் பல இரவுகள் தூங்க விடவில்லை. டாக்டர் பரிசோதித்து, ஆட்டிசம் என்றார்.

சகோதரிகளே! 1943-ல் அமெரிக்க டாக்டர் லியோ கானர் இதைப் பற்றி எழுதிய பிறகு, தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று படித்தவர்களே பல வருஷம் நம்பினார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-ல் அதை மறுத்துப் புத்தகமே எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பனார்தான். இது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. வளர்ப்பின் குற்றம் அல்ல.

ஆனால் தாயால் செய்யக்கூடியது நிறைய உண்டு. அதில் ஒன்று, ஒழுங்குபடுத்திய விளையாட்டு. தினமும் அதே நேரம், அதே பாய். டி.வி.யை நிறுத்திவிட வேண்டும். எதிரே தரையில் உட்கார்ந்து டப்பா அடுக்கலாம். "உன் முறை" என்றால் அவன் ஒன்று, "என் முறை" என்றால் நீங்கள் ஒன்று. ஐந்து டப்பா ஆனதும் "முடிஞ்சுது!" என்று கூடையில் போட்டுவிடுங்கள். அடுத்து என்ன, எப்போது முடியும் என்று தெரிந்தால் குழந்தைக்குப் பதற்றம் குறையும். முதலில் ஐந்து நிமிஷமே போதும்.

தங்கை எவர்சில்வர் டம்ளரில்தான் ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றியதும் உட்கார்ந்தான். குழந்தைக்குப் பிடித்ததில் தொடங்குங்கள். முகத்தைப் பிடித்துத் திருப்பி, "என்னைப் பாரு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். வாயில் போடும் பழக்கம் இருந்தால் புளியங்கொட்டை, பாசிமணி வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், தங்கை வேண்டுமென்றே தன் முறையில் சும்மா இருந்தாள். அவன் அவள் கையைப் பிடித்து டப்பாவின் மேல் வைத்தான். ஒரு கணம் முகத்தையும் பார்த்தான். அன்று அவள் அழுத அழுகை வேறு.

விளையாட்டு மட்டும் போதாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை, பேச்சு வரவில்லை என்றால், "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருக்காதீர்கள். காதையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சி மையத்தைக் கேளுங்கள். முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது. 2016-ஆம் வருஷச் சட்டப்படி ஆட்டிசத்துக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் உண்டு.

பக்கத்து வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், தாய்க்குப் புத்தி சொல்லப் போக வேண்டாம். ஒரு பத்து நிமிஷம் அந்தப் பாயில் நீங்களும் போய் உட்காருங்கள்.